புளி போட்டுத் துலக்கிய அமெரிக்கக் காசு

அப்போது நான் பஹ்ரைனில், மனாமா சூக் என்கிற கடைத்தெருவில் கீழக்கரைக்காரர் ஒருவரின் பழைய நாணயக் கடையில் வேலை பார்த்தேன். குதைபியாவில் ரூம். பக்கத்துக் கட்டில்காரர் முதுகுளத்தூர் பக்கம். மூத்தவர், அண்ணன் என்பேன். பழைய சாமான் குடோனில் டியூட்டி. உடைத்த மேசைக்குள் கிடந்ததென்று ஒரு செம்புக் காசைக் கொண்டுவந்தார். குடோன்காரர் நீயே வைத்துக்கொள் என்றுவிட்டாராம்.

காசு கறுத்துக் கிடந்தது. விரித்த கூந்தலோடு ஒரு பெண்முகம். லென்ஸ் வைத்துப் பார்த்த எங்கள் முதலாளி டீயை ஆறவிட்டுவிட்டார். அமெரிக்காவில் முதன்முதலாக வெள்ளிக்காசு அடிக்கத் தொடங்கியபோது, அச்சு சரியாக விழுகிறதா என்று செம்பில் சிலவற்றை அடித்துப் பார்த்தார்களாம். வெள்ளியை வீணாக்க யாருக்கு மனசு வரும்? அப்படிப்பட்ட சோதனைக் காசு உலகத்திலேயே விரல்விட்டு எண்ணும்படிதான் இருக்கிறது. இது அதுவாக இருக்கலாம், போலியாகவும் இருக்கலாம், வெள்ளிக்கிழமை துபாயிலிருந்து வருகிறவர் பார்த்துச் சொல்லட்டும் என்றார்.

அந்த 'இருக்கலாம்' அண்ணன் காதில் ஏறவே இல்லை. வீட்டுக்கு போன் போட்டு, கலாஸ், எல்லாம் முடிந்தது, இனி எனக்கு இங்கே வேலை இல்லை, ஊரோடு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். லீவில் போனால் அவர் மகள் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாளாம். இதைச் சொல்லிச் சிரிப்பார். கேட்கிற எனக்குத்தான் எரிச்சலாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை கடையில் கைக்குட்டையைப் பிரித்தார். காசு பளபளவென்று இருந்தது.

"பெரிய மனுசன் பாக்க வாராரு, அழுக்கோடயா காட்டுறது? புளியும் உப்பும் போட்டு நல்லாத் துலக்கிட்டேன்."

யாரைத் திட்டுவது? எங்கள் பக்கம் பொண்ணு பார்க்க வருகிறார்கள் என்றால் செம்புப் பாத்திரத்தைத் துலக்கி வைப்பதுதான் மரியாதை. துபாய்க்காரர் லென்ஸை வைத்தார், எடுத்தார், இந்தியில் இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் காசைத் திருப்பிக் கொடுத்தார். முதலாளிதான் தமிழில் சொன்னார்.

"மேல்தோல் போயிருச்சு தம்பி. காசோட வயசு அதுலதான் இருந்துச்சு. இனிமே இதை நிசம்னு யாரும் சொல்லவும் முடியாது, பொய்னு சொல்லவும் முடியாது."

அண்ணன் அச்சா என்றார். அவ்வளவுதான். எனக்கும் அழுகை வரவில்லை, கோபம்கூட வரவில்லை. மரத்துப்போயிருந்தது. ரூமுக்கு நடந்தே வந்தோம்.

வந்ததும் ஊரிலிருந்து போன். அம்மாக்காரி சொல்லிக்கொடுத்து வைத்திருந்தாள் போல. அப்பா, எப்ப வருவீங்க என்று பிள்ளை கேட்டது பக்கத்தில் இருந்த என் காதிலும் விழுந்தது. அவள் அப்பா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"லீவு கெடைக்கட்டும்மா" என்றார்.

அன்று சமையல் முறை அவருடையது. மிச்சப் புளியைக் கரைத்து ரசம் வைத்தார். எல்லோரும் சாப்பிட்டோம்.