ஓடை மணலில் அம்மா ஓட்டிய மொபெட்

எனக்கு ஒன்பது வயதாக இருந்த கோடையில் அம்மா ஓடை மணலில் எத்தனை தடவை விழுந்தாள் என்பதற்குக் கணக்கில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த நானும் சேர்ந்துதான் விழுந்தேன். எனக்கு அது பெரிய விளையாட்டு.

சிக்கல் என்கிற ஊருக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம். உர மூட்டை கொண்டுபோக அவர் வாங்கிய பழைய மொபெட்டை அம்மா நன்றாகவே ஓட்டுவாள். ஆனால் தார் ரோட்டில் ஓட்டுவது வேறு, கால் புதையும் மணலில் ஓட்டுவது வேறு. மத்தியானம் அய்யா கண்ணயர்ந்ததும் வண்டியைச் சத்தமில்லாமல் தெருமுனை வரை உருட்டிப் போய் ஸ்டார்ட் செய்வாள். "ஓடைக்குப் போனோம்னு அய்யாகிட்டச் சொல்லாத" என்பாள். ரகசியம் என்றால் எனக்கு உயிர்.

முதல் சில நாட்கள் மணலைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, இரண்டு காலையும் தேய்த்துக்கொண்டே போனாள். முன்சக்கரம் புதைந்து வண்டி சாய்ந்தது. பிரேக்கைப் பிடித்தால் இன்னும் சீக்கிரம் சாய்ந்தது. ஒரு நாள் ஐஸ் பெட்டியோடு ஓடையைக் கடந்த மீன்காரர் வளைந்து வளைந்து கரையேறிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "ஹேண்டில்பாரை அமுக்கிப் பிடிக்காதீக தாயி. அது ஆடத்தான் செய்யும், ஆடட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மீதியை அம்மா விழுந்து விழுந்துதான் கண்டுபிடித்தாள். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினாள். முன்சக்கரத்தில் பாரம் விழாதபடி என்னை நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார வைத்தாள். திரும்ப வேண்டிய இடத்தில் ஹேண்டில்பாரை ஒடிக்காமல் இடுப்பை அந்தப் பக்கம் சாய்த்து, ஆக்ஸிலேட்டரை ஒரே சீராக முறுக்கிப் பிடித்தாள். வண்டி மணலை வாரி இறைத்துக்கொண்டு வளைந்து திரும்பியது. சக்கரத்தைப் பார்த்தால் விழுந்தோம். கரையில் நின்ற பனையைப் பார்த்தால் போய்ச் சேர்ந்தோம். பிறகு எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு சிப்பம் அரிசியை, இருபத்தைந்து கிலோ மூட்டையை, வைத்துக் கட்டினாள். அது எதற்கு என்று கேட்டேன். "ஒரு தடவ கூட விழக்கூடாதுடி" என்றாள். நான் கேட்டதற்கு அது பதிலே இல்லை.

அக்காவை வாலிநோக்கத்துக்கும் அந்தப் பக்கம் ஒரு பனங்காட்டுக்குள் கட்டிக் கொடுத்திருந்தது. தார் ரோட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் வெறும் மணல். அவளுக்கு அப்போது ஏழு மாதம். போனில் பேசினால் பக்கத்தில் யாரோ நிற்பதுபோலவே பேசினாள். பொங்கலுக்கு வந்தபோது அவள் முழங்கைக்கு மேலே கன்றிப்போயிருந்தது. கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாள். நான் நம்பினேன். கூட்டி வந்துவிடலாம் என்று அம்மா சொல்லும்போதெல்லாம் அய்யா, "கட்டிக் குடுத்த பிள்ளைய நாமளே போயிக் கூட்டியாந்தா ஊரு என்ன பேசும்?" என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, அய்யா பஸ் ஏறிப் பரமக்குடி போன பிறகு, அரிசியை வீட்டிலேயே வைத்துவிட்டு நாங்கள் இருவரும் கிளம்பினோம்.

அந்த வீட்டு ஆண்கள் உப்பளத்துக்குப் போயிருந்தார்கள். அக்காவின் மாமியார் மட்டும் இருந்தார். அம்மா உட்காரவில்லை, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

"பிள்ளையக் கூட்டிட்டுப் போறேன்."

"அவன் வரட்டும் மதினி. அவன்கிட்ட ஒரு வார்த்த கேட்காம..."

"வந்தா சொல்லுங்க."

அக்கா செருப்புக்கூடப் போடாமல் வந்து வண்டிப் பக்கத்தில் நின்றாள். மாமியார் உள்ளே போய் யாருக்கோ போன் பண்ணுவது கேட்டது. அம்மா என்னைப் பார்த்து, "நீ இறங்கு. மூணு பேரு ஏறுனா புதைஞ்சிரும். சக்கரத் தடத்துலயே ஓடி வா" என்றாள்.

என் இடத்தில் அக்கா ஏறிக்கொண்டாள். ஒரு கை அம்மாவின் இடுப்பைச் சுற்றி, இன்னொரு கை வயிற்றின் மேல். பனைகளுக்கு நடுவே வண்டி இடமும் வலமுமாகச் சாய்ந்து சாய்ந்து போனது. ஒரு தடவைகூட அம்மா காலை ஊன்றவில்லை. நான் சுடுமணலில் அழுதுகொண்டே ஓடினேன். இத்தனை நாள் கூட விழுந்தவள் நான். விழாமல் போகிற அன்றைக்கு எனக்கு இடமில்லை! தார் ரோட்டில் காத்திருந்த அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன்.

அங்கிருந்து மூன்று பேருமாக வீட்டுக்கு வந்தபோது அய்யா திரும்பி வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். அக்காவின் வயிற்றைப் பார்த்தார், வெறுங்காலைப் பார்த்தார். வண்டியைத் தண்ணீர்த் தொட்டியடிக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கழுவ உட்கார்ந்தார்.

வெயில் சாய்ந்த நேரம் அக்காவின் புருஷனும் இன்னொருவரும் பைக்கில் வந்து இறங்கினார்கள். அய்யா எழுந்திருக்கவில்லை. செயினிலிருந்து மணலைச் சுரண்டிக்கொண்டே, "எம்மக தூங்குறா. இங்கன நின்னு சத்தம் போடாதீக" என்றார். அவர்கள் பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகும் அய்யா ஒவ்வொரு கம்பியாகத் துடைத்துக்கொண்டிருந்தார். வண்டியை மணலில் ஓட்டிப் பாழாக்கியதற்குத்தான் அம்மாவிடம் பேசாமல் இருக்கிறார் என்று நினைத்தேன். ஓடைக்குப் போன ரகசியத்தை அய்யாவிடம் நான் சொல்லவில்லை என்பதை அம்மாவுக்கு எப்படிப் புரிய வைப்பது என்பதுதான் அன்றைக்கு எனக்கிருந்த பெரிய கவலை.