சோலைச்சாமி கொடுத்த புகார்

திருச்சுழிக்கும் பந்தல்குடிக்கும் நடுவில் இருக்கிற ஊர்களில் யாருக்காவது மதுரை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றால், பெண் பார்க்கப் போக வேண்டும் என்றால், வெளிநாடு போகிற மகனை ஏர்போர்ட்டில் விட வேண்டும் என்றால் முதல் போன் சோலைச்சாமிக்குத்தான் வரும். அவருடைய அப்பா அந்த ஊர்க் கரிசல் காடுகளில் கூலிக்கு வேலை பார்த்தவர். சோலைச்சாமி பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டார். டிராக்டர் ஓட்டினார், பிறகு சிமெண்ட் லோடு ஓட்டினார், கடைசியில் லோன் போட்டு ஒரு வெள்ளைக் கார் வாங்கி வாடகைக்கு விட்டார். முன்பு அவருடைய அப்பாவைத் தொழுவத்துப் பக்கமே நிற்க வைத்துப் பேசியவர்கள் இப்போது இவரிடம், "சோலை, நாளைக்கு வண்டி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு வீடு தேடி வந்தார்கள். அதில் அவருக்கு வெளியே காட்டிக்கொள்ளாத ஒரு சந்தோஷம் உண்டு.

அவரை எல்லோரும் கூப்பிட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. வண்டியில் காதில் விழுந்ததை அவர் கீழே இறங்கியதும் மறந்துவிடுவார். பின் சீட்டில் அண்ணன் தம்பி சொத்துக்கு அடித்துக்கொள்வார்கள், புருஷன் பெண்டாட்டி அழுவார்கள். சோலைச்சாமி கண்ணை ரோட்டிலிருந்து எடுக்க மாட்டார். "நமக்கு ஸ்டேரிங்கு மட்டுந்தான் வேலை" என்பார். மனைவி சங்கரம்மாளிடம்கூட எதையும் சொல்வதில்லை.

போன வைகாசியில் ஒரு நாள் கண் டெஸ்டுக்கு வந்த பெரியவர் ஒருவரை அருப்புக்கோட்டையில் இறக்கிவிட்டு, பஜாரில் ஒரு ஜவுளிக்கடையை ஒட்டிய சந்தில் காரை நிறுத்தினார். சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தவருக்குத் தன் வண்டிதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. முன் விளக்கிலிருந்து பின் விளக்கு வரைக்கும் தகரம் தெரிகிற மாதிரி ஒரே கோடாகக் கீறியிருந்தது. பானெட்டின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கிறுக்கல். டிரைவர் பக்கத்து சைடு மிரர் உடைந்து ஒயரில் தொங்கியது. கீழே ஒரு கல் கிடந்தது.

அவர் போட்ட சத்தத்தில் கூட்டம் கூடிவிட்டது. கார் ஸ்டாண்டிலிருந்து பாண்டிராஜ் ஓடி வந்தான். சோலைச்சாமியோடு சேர்ந்து வண்டி ஓட்டிப் பழகியவன்.

"யாரோடயும் எதும் தகராறா?"

"நான் யாருகிட்டடா தகராறு பண்ணப் போறேன்? எவன் வம்புக்கும் போகாதவன்டா நான்!"

ஜவுளிக்கடை வாசலில் கேமரா இருந்தது. கடைக்காரர் இரக்கப்பட்டு உள்ளே கூட்டிப்போய்ப் போட்டுக் காட்டினார். சுடிதார் போட்ட ஒரு பெண் கடைக்குள்ளிருந்து வேகமாக வருகிறாள். காரைப் பார்த்ததும் நிற்கிறாள். முன்னால் போய் நம்பர் பிளேட்டைக் குனிந்து பார்க்கிறாள். பிறகு கையிலிருந்த சாவியைக் கதவில் வைத்து அழுத்திக்கொண்டே பின்பக்கம் வரை நடக்கிறாள். அப்புறம் பானெட். அப்புறம் கல். எல்லாம் முடிந்ததும் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பக் கடைக்குள் போய்விடுகிறாள். துடைப்பதற்கு முன்னால் முகம் கேமராவில் தெளிவாக விழுந்திருந்தது.

கவுண்டரில் நின்ற பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "இது மாரிக்கண்ணன் வீட்டுப் பிள்ளையில்ல? வர்ற புதன்கிழமை அதுக்குக் கல்யாணமாம், இப்பத்தான் மாடியில பட்டு எடுத்துட்டுப் போனாக" என்றாள்.

மாரிக்கண்ணனை சோலைச்சாமிக்கு நன்றாகத் தெரியும். நிலபுலன் உள்ளவர். சோலைச்சாமியின் அப்பா பல வருஷம் அவர்கள் காட்டில்தான் வேலை பார்த்தார். மாரிக்கண்ணனும் அவருடைய காரில் எத்தனையோ முறை ஏறியிருக்கிறார். அவர் மகள் சத்யபிரியாவையும் சோலைச்சாமி பார்த்திருக்கிறார். அந்த நேரத்தில் அவர் மனசில் வந்தது வேறு எண்ணம். நான் கார் வைத்திருப்பது அவர்கள் வீட்டுப் பிள்ளைக்குக்கூடப் பொறுக்கவில்லை. அவ்வளவுதான் நினைத்தார்.

கோபத்தில் ஒரு காரியம் செய்தார். கடைக்காரரிடம் அந்த வீடியோவை வாங்கி டிரைவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். "பெரிய வீட்டுப் பிள்ளை செய்த வேலையைப் பாருங்கள், நியாயம் வேண்டும்" என்று கூடவே பேசியும் அனுப்பினார். அவர் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டு வெளியே வருவதற்குள் அது விருதுநகர் வரை போய்விட்டது. யார் யாரோ போன் பண்ணி ஆறுதல் சொன்னார்கள். "விட்டுராதண்ணே" என்றார்கள். மறுநாள் காலை வரைக்கும் அந்த ஆறுதல் அவருக்கு நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் ஸ்டேஷனில் கூப்பிட்டார்கள். மாரிக்கண்ணன், அவர் மனைவி, சத்யபிரியா மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண்ணின் கன்னம் வீங்கியிருந்தது. வீட்டிலேயே அடி விழுந்திருக்கிறது என்று பார்த்தவுடன் தெரிந்தது. ஏட்டு ராமலட்சுமி எழுதுவதற்கு உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் போனில் பேசிக்கொண்டே, சீக்கிரம் முடியுங்கள் என்று கையைக் காட்டினார்.

மாரிக்கண்ணன் எழுந்து நின்றார். ஊரில் உட்கார்ந்தபடியே பதில் சொல்கிறவர் அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சார், சின்னப் பிள்ளை. பதினேழுதான் ஆகுது. புத்தியில்லாம பண்ணிருச்சு. கேசு கீசுன்னு போனா பொம்பளப் பிள்ளை வாழ்க்கை என்னாகும்? சோலைக்கு என்ன செலவோ நான் பாத்துக்கிடுதேன்."

"எனக்குத் துட்டு வேணாம் மொதலாளி" என்றார் சோலைச்சாமி. ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு. "நான் அவுகளுக்கு என்ன கெடுதல் பண்ணேன்? அத மட்டும் பாப்பா எல்லாருக்கும் முன்னாடி சொல்லட்டும். சொல்லிட்டு மன்னிப்புக் கேக்கட்டும். அது போதும்."

"கேளு! மன்னிப்புக் கேளு!" மாரிக்கண்ணன் திரும்பி மகளை ஓங்கி அறைந்தார். ராமலட்சுமி எழுந்து நடுவில் வந்து நின்று, "இங்க கை நீட்டுனீங்கன்னா உங்களத்தான் முதல்ல உள்ள வைப்பேன்" என்றார். பிறகு அந்தப் பெண்ணிடம், "சொல்லும்மா. ஏன் பண்ணுன?" என்று கேட்டார்.

சத்யபிரியா சோலைச்சாமியை நேராகப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியாதாண்ணே?"

அவருக்கு ஒன்றும் ஓடவில்லை.

"பாலவனத்தத்துல இருந்து என்னையக் கூட்டிட்டு வந்தீகள்ல. பெட்ரோல் பங்க்ல அப்பா இறங்குனப்ப நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்? கதவத் திறந்து விடுங்கண்ணே, எனக்குக் காலேஜ்ல சீட்டுக் கிடைச்சிருக்கு, எனக்குக் கல்யாணம் வேணாம்னு அழுதேன்ல. நீங்க என்ன பண்ணீக?"

சோலைச்சாமி மாரிக்கண்ணனைப் பார்த்தார்.

"பாட்டு சத்தத்தக் கூட்டி வச்சீக" என்றாள்.

அப்போதுதான் அவருக்கு அந்த நாள் முழுசாக ஞாபகம் வந்தது. சித்திரை மாதக் கடைசி. மாரிக்கண்ணன் அவசரமாகக் கூப்பிட்டார். மகள் சொல்லாமல் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள், கூட்டிவர வேண்டும் என்றார். பாலவனத்தத்தில் அந்த வீட்டிலிருந்து மகளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து பின் சீட்டில் தள்ளி, "சோலை, லாக்கப் போட்டுக்க" என்றார். சோலைச்சாமி பட்டனை அழுத்தினார். நான்கு கதவும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டன. வழியில் பெட்ரோல் பங்க்கில் மாரிக்கண்ணன் இறங்கிப் போன கொஞ்ச நேரத்தில்தான் அந்தப் பெண் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். அவருக்கு எல்லாம் கேட்டது. ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. அடுத்த வீட்டு விவகாரம் என்று நினைத்தார். இவர்களைப் பகைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வண்டி ஓட்ட முடியாது என்றும் நினைத்தார். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. கையை நீட்டிப் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். வீடு சேர்ந்ததும் வாடகையை வாங்கிக்கொண்டு வழக்கம்போல மறந்துவிட்டார். கேமராவில் அவள் நம்பர் பிளேட்டைக் குனிந்து பார்த்தபோதுகூட அவருக்கு அது தோன்றவில்லை.

நேற்று முழுக்க "நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணேன்" என்று ஊரெல்லாம் கேட்டவர் இப்போது ஸ்டேஷன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். துணைக்கு வந்திருந்த பாண்டிராஜ் பக்கத்தில் நின்றான். அவன் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் போனை வைத்துவிட்டு, "சரி சரி, பேசி முடிச்சுக்கங்க. சமாதானமாப் போறோம்னு ரெண்டு பேரும் எழுதிக் குடுத்துட்டுக் கிளம்புங்க" என்றார். மாரிக்கண்ணன் பேனாவை எடுத்துவிட்டார். சோலைச்சாமியின் தோளில் கை வைத்து, "சோலை, உங்கப்பன் காலத்துல இருந்து நம்ம பழக்கம். முடிச்சுவிடுப்பா" என்றார். மாரிக்கண்ணனும் பயந்துபோன மனுஷன்தான். மகள் ஓடிப்போனாள் என்று ஊர் பேசிவிடுமோ என்ற பயத்தில்தான் அவசரமாக அக்கா மகனுக்குப் பேசி முடித்திருந்தார்.

கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். அந்தப் பெண்ணை இதே மாதிரி ஒரு வண்டியில் ஏற்றிக் கூட்டிப் போய்விடுவார்கள். சோலைச்சாமி ராமலட்சுமியின் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"மேடம், பதினேழு வயசுன்னு மொதலாளியே சொல்லுதாக. வர்ற புதன்கிழமை இந்தப் பிள்ளைக்குக் கல்யாணம். பட்டெடுக்கத்தான் நேத்து வந்துருக்காக."

ராமலட்சுமி எழுதுவதை நிறுத்தினார். "என்ன சொல்றீங்க?"

"சோலை!" என்றார் மாரிக்கண்ணன்.

"அன்னைக்கு நான்தான் மேடம் கதவப் பூட்டுனேன். இந்தப் பிள்ளை அழுததெல்லாம் எனக்குக் கேட்டுச்சு. அதையும் எழுதிக்கங்க. எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லுங்க."

மாரிக்கண்ணன் பதினெட்டு முடிந்துவிட்டது, வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்று மாற்றிச் சொல்லிப் பார்த்தார். மகளே, "ஆவணியிலதான் மேடம் பதினெட்டு" என்றாள். இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அதன் பிறகு சமாதானப் பேச்சு நடக்கவில்லை. சாயங்காலத்துக்குள் சமூக நலத்துறையிலிருந்து இரண்டு பேர் வந்துவிட்டார்கள். கல்யாணம் நின்றது. சத்யபிரியாவை விருதுநகரில் ஒரு காப்பகத்தில் சேர்த்தார்கள்.

அன்றைக்கு ராமலட்சுமி சோலைச்சாமியைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் பாராட்டுவார் என்று பாண்டிராஜ் நினைத்தான். ராமலட்சுமி தன் போனைத் திருப்பிக் காட்டினார். சோலைச்சாமி அனுப்பிய வீடியோ அவருக்கே மூன்று இடத்திலிருந்து வந்திருந்தது. கீழே அந்தப் பெண்ணைப் பற்றி வாய்க்கு வந்தபடி எழுதியிருந்தார்கள்.

"சின்னப் பிள்ளை முகத்தை இப்படிப் பரப்புனதுக்கு உங்க மேல நான் கேஸ் போடலாம், தெரியுமா?"

"போடுங்க மேடம்" என்றார் சோலைச்சாமி.

அவர் கேஸ் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சோலைச்சாமி பிறகு பல தடவை நினைத்தார். குரூப்பில் இருந்த ஒவ்வொருவருக்கும் போன் பண்ணி அழிக்கச் சொன்னார். சிலர் அழித்தார்கள். சிலர், "ஏண்ணே, துட்டு வாங்கிட்டீகளா?" என்று சிரித்தார்கள். தன் கையை விட்டுப் போனதை அவரால் திரும்பப் பிடிக்க முடியவில்லை.

வீட்டில் சங்கரம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். வண்டியில் நடந்ததை அவளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. "வாடகை வாங்குனீகளா அன்னைக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"வாங்குனேன்."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து போன் வருவது குறைந்தது. வண்டியில் நடந்ததை ஸ்டேஷனில் சொன்னவன் என்று பேர் வந்துவிட்டது. மாரிக்கண்ணனின் சொந்தக்காரர்கள் எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சில பெண்கள் மட்டும், "நல்ல காரியம் பண்ணீக" என்று மெதுவாகச் சொன்னார்கள். திட்டினவர்களைத் தாங்கிக்கொண்ட அவரால் இந்தப் பெண்கள் சொன்னதைத் தாங்க முடியவில்லை. அவர்களிடம் நின்று பேசாமல் நகர்ந்துவிடுவார். நல்ல காரியம் செய்ய வேண்டிய இடம் அந்தப் பெட்ரோல் பங்க், ஸ்டேஷன் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

பந்தல்குடி ரோட்டில் ஒரு லாரி முதலாளியிடம் டிரைவர் வேலை கிடைத்தது. காரை வாரத்தில் ஒன்றிரண்டு நாள் மட்டும் எடுத்தார். ஆடி மாதம் முடிகிற சமயம் ராமலட்சுமிக்குப் போன் பண்ணினார். எதற்குப் பண்ணினோம் என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை.

"மேடம், அந்தப் பாப்பா..."

"நல்லா இருக்கா. மதுரையில காலேஜ்ல சேர்ந்துட்டா, ஹாஸ்டல்ல இருக்கா. அவுக அம்மா வாராவாரம் போய்ப் பாத்துட்டு வாராக. அப்பா இன்னும் பேசல."

"நான் ஒரு தடவை பாத்து மன்னிப்புக் கேக்கலாமா மேடம்?"

"நீங்க இப்படிக் கேப்பீங்கன்னு தெரிஞ்சு அவகிட்ட முன்னாடியே கேட்டுப் பாத்தேன். வேணாம்னு சொல்லிட்டா. நீங்க போகாதீங்க."

"சரிங்க மேடம்" என்றார். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. தூத்துக்குடிக்கு லோடு ஏற்றி முடித்துவிட்டதாகக் கிளீனர் சொன்னான். அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு லாரியில் ஏறினார்.