சோபா மாமா மூச்சு வாங்கும் இடங்கள்

மாடிப்படியில் பாதி ஏறியதும் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். "சொல்லுங்க... ம்... ஆமா ஆமா..." மறுமுனையில் யாரும் இருக்க மாட்டார்கள். மார்பு ஏறி இறங்குவது அடங்கும்வரை அந்த இல்லாத ஆளோடு பேசிவிட்டு, "இந்த ஜனங்களுக்கு நேரங்காலமே கிடையாது" என்று அலுத்துக்கொண்டே மீதிப் படிகளை ஏறுவார். மேலே கிழிந்த சோபாவோடு காத்திருப்பவர்கள், பாவம், ஓய்வில்லாத மனிதர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பழைய சோபா, மெத்தைகளைப் பழுதுபார்க்கும் அவர் தெருவில் எல்லோருக்கும் சோபா மாமா. ஒருமுறை உட்கார்ந்து எழுந்தாலே எந்த ஸ்பிரிங் செத்துப்போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். உதட்டில் ஆணிகளைக் கவ்விக்கொண்டேதான் கூலி பேசுவார். வாய் நிறைய ஆணி வைத்திருப்பவனிடம் யாரும் பேரம் பேச மாட்டார்கள் என்பது அவர் கண்டுபிடிப்பு. பழைய மெத்தைகளைப் பிரித்துப் பிரித்தே தூசியும் பஞ்சும் நுரையீரலில் குடியேறிவிட்டன. டாக்டர் அதற்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார். மாமா அதைச் 'சளி' என்று சுருக்கிக்கொண்டார்.

"மூச்சு வாங்குறவன்னு தெரிஞ்சா எவன் வேலை குடுப்பான்?" என்று மனைவியிடம் மட்டும் சொல்வார். அவள் பள்ளிக்கூட அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். அவளிடமும் பாதியைத்தான் சொல்வார்.

கடல் தாண்டி இருக்கும் தங்கையிடமிருந்து ஒருநாள் போன் வந்தது. இது நிஜமான போன். "வயித்துல ஆப்பரேஷன்ணே. நீ வந்து பக்கத்துல நின்னாப் போதும்." அவளுக்கு அங்கே வேறு நாதியில்லை. அன்று மாலையே, மாற்றவோ திருப்பவோ முடியாத மலிவு டிக்கெட் ஒன்றை வாங்கிவிட்டார்.

பிறகுதான் டாக்டரிடம் போனார். "பிளேனுக்குள்ள காத்துல ஆக்சிஜன் நமக்கு இங்க கிடைக்கிற அளவுக்கு இருக்காது. சும்மா உக்காந்திருந்தாலே உங்களுக்குப் பத்தாது. சின்ன ஆக்சிஜன் மெஷின் ஒண்ணு கூட வரணும். விமானக் கம்பெனிக்கும் முன்னாடியே சொல்லிடணும்" என்றார் டாக்டர். மெஷினுக்கு வாடகை விசாரித்ததும் மாமாவுக்குக் கண்ணைக் கட்டியது. பயணக் காப்பீட்டில் ஏற்கெனவே நோய் உண்டா என்று கேட்டிருந்தார்கள். 'உண்டு' என்றால் தொகை எகிறியது. 'இல்லை' என்று போட்டார்.

"டாக்டர் என்னங்க சொன்னாரு?" என்றாள் மனைவி.

"தாராளமா போகலாம்னாரு."

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. வானத்தில் சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்ப்பதும், உடனே தலையைக் குனிந்துகொள்வதுமாக இருந்தார். மேலே மூச்சு நின்றால் வண்டியை ஓரங்கட்டச் சொல்ல முடியாதே.

விமான நிலையத்தில் வரிசை ஊர்ந்தது. இருமல் வந்தபோதெல்லாம் கைக்குட்டைக்குள் விழுங்கினார். பெட்டி பெல்ட்டில் போய் மறைந்த பிறகுதான், மூச்சுக்கு உறிஞ்சும் மருந்து அதற்குள் இருப்பது உறைத்தது. விமானம் ஏறும் வாசலும் நினைத்ததைவிடத் தூரம். போய்ச் சேர்ந்தபோது கடைசி ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்ற சீருடைப் பெண் அவரையே பார்த்தாள். மாமா செல்போனைக் காதில் வைத்தார். "சொல்லுங்க... ஆமா..."

காதிலேயே அது அலறியது. மனைவிதான்.

"ஏறிட்டீங்களா?"

பதில் சொல்லக் காற்று இல்லை. விசில் போல ஒரு சத்தம் மட்டும் வந்தது.

"ஏங்க... என்ன சத்தம் அது? பக்கத்துல யாரு இருக்கா? போனை அவங்ககிட்ட குடுங்க. குடுங்கன்னா குடுங்க!"

போனை அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

விமானம் அவரை விட்டுவிட்டுப் போயிற்று. முதலுதவி அறையில் முகத்தில் ஆக்சிஜன் மூடியோடு உட்கார்ந்திருந்தவரை மனைவி வந்து அழைத்துப்போனாள். டாக்ஸியில் அவர் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டாள். பிறகு கேட்டாள்: "தாராளமா போகலாம்னாரா?"

மாமா ஜன்னலைப் பார்த்தார். "பாதி மட்டும் சொன்னேன்."

"சிக்கனம் பிடிக்க உங்களுக்கு மூச்சுதான் கிடைச்சுதா?"

மறுநாள் அவள் லீவு போட்டாள். டாக்டரிடம் சான்று வாங்கினாள். புது டிக்கெட் எடுத்தாள், மெஷினை வாடகைக்குப் பிடித்தாள், விமானக் கம்பெனிக்குப் போன் போட்டு அதைப் பற்றிச் சொன்னாள். சக்கர நாற்காலி கேட்டாள். காப்பீட்டில் உள்ளதை உள்ளபடி எழுதினாள். விமானம் தாமதமானாலும் தாங்கும்படி உபரி பேட்டரிகள் வாங்கினாள். மருந்தெல்லாம் கைப்பைக்குப் போயிற்று. கடைக்குப் புதுத் தையல் மெஷின் வாங்க வைத்திருந்த பணம் அதில் கரைந்தது. மாமா முனகியபோது, "தையல் மெஷின் அடுத்த வருஷமும் கடையில இருக்கும். நுரையீரல் இருக்குமா?" என்றாள்.

ஆனால் கம்பெனி அனுமதி தருவதற்குள் ஆப்பரேஷன் நாள் வந்துவிட்டது. அன்று மாமா கடையைத் திறந்தார், சுத்தியலைத் தொடவில்லை. பிரித்துப்போட்ட சோபாவின் எலும்புக்கூட்டில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் அங்கிருந்து ஒரு தமிழ் நர்ஸ் பேசினாள். "நல்லபடியா முடிஞ்சுதுங்க. கண்ணு முழிச்சதும் அண்ணன் வந்தாச்சான்னு கேட்டாங்க." மாமா போனை வைத்துவிட்டுக் குலுங்கினார். அது இருமலா அழுகையா என்று கடைவாசலில் நின்ற மனைவிக்குப் புரியவில்லை.

அனுமதி வந்ததும் பறந்தார். வழி நெடுக மூக்கில் குழாய், மடியில் மெஷின் பை, கண் அதன் பேட்டரி விளக்கில். விமானப் பணிப்பெண் சாப்பாடு வேண்டுமா என்று கேட்டபோதுகூட விளக்கிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி அறை வாசலில் தயங்கினார். குழாயைக் கழற்றிச் சட்டைக்குள் செருகினார். பையை முதுகுப்பக்கம் தள்ளிக்கொண்டு உள்ளே போய், நாற்காலிக்கு அடியில் அதை ஒளித்துவிட்டு உட்கார்ந்தார். தங்கை கண் திறந்தாள். மெலிந்துபோயிருந்தாள்.

"ஏண்ணே வரல? நீ வருவேன்னு வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன். என்னாச்சு?"

வேலை என்று சொல்லியிருக்கலாம். விமானம் ரத்து என்று சொல்லியிருக்கலாம். அவர் குனிந்து, அந்தப் பையை இழுத்து அவள் கட்டில் ஓரத்தில் வைத்தார். சட்டைக்குள்ளிருந்து குழாயை எடுத்து, அவள் பார்க்கப் பார்க்க மூக்கில் மாட்டிக்கொண்டார்.