மெஹர் அக்கா நடந்த வழிகள்

வேலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், திருவண்ணாமலையிலிருந்து வந்த டிரங்க் காலை இணைத்து முடித்ததும், அந்த ஊர் ஆபரேட்டர் பெண் லைனை விடவில்லை. "விஜயாக்கா, மெஹர் அக்கா தவறிட்டாங்க. காத்தாலயே அடக்கம் பண்ணிட்டாங்க" என்றாள். அதற்குள் பலகையில் அடுத்த விளக்கு எரிந்தது. "நம்பர் ப்ளீஸ்" என்றேன். ஷிப்ட் முடியும்வரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் கடைசியில் வேலை கிடைத்து திருவண்ணாமலைக்குப் போனபோது அங்கே எனக்கு ஒருவரையும் தெரியாது. விடுமுறை நாளில் வாடகை அறையில் விட்டத்தைப் பார்த்துப் படுத்திருப்பேன். டெலிபோன் பலகையில் எனக்குப் பக்கத்து இருக்கை மெஹருன்னிசா அக்காவுடையது. "ஞாயித்துக்கெழம ரூம்ல என்ன பண்றே? நல்ல செருப்பா போட்டுட்டு வா" என்று அவராகத்தான் கூப்பிட்டார்.

முதலில் தெருக்கள். சின்னக்கடைத் தெருவுக்குப் பின்னால் இருந்த சந்துகளில் என்னை முன்னால் நடக்கவிட்டு அவர் பின்னால் வந்தார். நான் திணறினால் சொல்வார்: "கோபுரத்தைப் பாத்துக் கொழம்பாத. மலை எந்தப் பக்கம்னு பாரு. வழி கேக்கணும்னா கொடத்தோட போற பொம்பளயக் கேளு. கடைக்காரரு பெரிய ரோட்டைத்தான் காட்டுவாரு, பொம்பளைங்களுக்குத்தான் சந்து தெரியும்." அப்படிக் கேட்டே, கோயிலின் மேற்கு வாசலான பேகோபுரத்துப் பக்கமிருந்து மலையேறும் ஒற்றையடிப் பாதையைக் கண்டுபிடித்தேன்.

ஒரு மாசி மாதம் அந்தப் பாதையில் போனபோது கீழே காய்ந்த புல் பற்றிக்கொண்டது. நான் மேலே ஓடப் பார்த்தேன். அக்கா கையைப் பிடித்து இழுத்தார். "மேல ஓடாத! நெருப்பு நம்மள விட ஜாஸ்தி வேகமா ஏறும்." பக்கவாட்டில் இருந்த மொட்டைப் பாறைக்குக் கூட்டிப்போய், பாட்டில் தண்ணீரில் புடவைக்கு மேல் போர்த்தியிருந்த தன் வெள்ளைத் துப்பட்டியை நனைத்து என் முகத்தில் சுற்றினார். தான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமினார். தீ எங்களைத் தாண்டிப் போயிற்று.

கரி ஆறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அன்றுதான் பம்பாய்க்கு வேலைக்குப் போன கணவர் திரும்பி வரவேயில்லை என்று சொன்னார். "வீட்ல உக்காந்திருந்தா வாசல்ல செருப்பு சத்தம் கேக்கறப்பல்லாம் எழுந்துக்கறேன். நடந்துட்டிருந்தா அந்தத் தொல்ல இல்ல." நான் அவர் புடவையில் ஒட்டியிருந்த சாம்பலைத் தட்டிவிட்டேன். "இருக்கட்டும் விடு" என்று சிரித்தார்.

எனக்கு வேலூருக்கு மாற்றலான பிறகு, லைன் ஓய்வாக இருக்கும் நேரங்களில் பேசிக்கொள்வோம். "இப்ப யார் கூடக்கா போறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "நீ வரதுக்கு முந்தி யார் கூடப் போனேன்?" என்றார். பிறகு அவராகவே, "நீ வந்தது கொஞ்ச நாள்தானேம்மா" என்றார்.

செய்தி கேட்ட மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். அவருடைய தங்கை டீ கொடுத்தார். அடக்கத்தலத்துக்குப் பெண்கள் போகும் வழக்கமில்லை; நானும் போக முடியாது. அதனால் மலைக்குப் போனேன்.

அக்காவை அறிந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஏறும்போது அவ்வப்போது நின்று பின்னால் திரும்புவார். "எறங்கறப்ப இதே பாதை வேற மாதிரி தெரியும். இப்பவே பாத்து வெச்சுக்க." அவரிடமிருந்து என்னோடு இருப்பது அந்தப் பழக்கம்தான். அன்றும் நின்று திரும்பினேன். கீழே ஊர் முழுவதும் தெளிவாகத் தெரிந்தது. பாதையில் யாரும் வரவில்லை.