தம்பூரா மாமி சாப்பிடவில்லை

விஜயலக்ஷ்மி மாமிக்குப் பசி எடுக்காத நாள் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மார்கழியில் நடந்ததைக் கேள்விப்பட்டவர்களில் பாதிப் பேர் மாமிக்கு ஏதோ வியாதி என்றார்கள், மீதிப் பேர் ஏதோ வேண்டுதல் என்றார்கள். இரண்டும் இல்லை. நல்ல பசியோடு, நாக்கில் ருசியோடு, வயிறு கேட்கக் கேட்க மாமி முடியாது என்று சொன்னாள்.

மந்தைவெளியில் இரண்டாவது மாடி ஃபிளாட். பள்ளிக்கூடத்தில் ஹிந்தி டீச்சர். டிசம்பர் வந்தால் தம்பூரா மாமி. பாடுகிறவருக்குப் பின்னால், பாதி வெளிச்சத்தில், தம்பூராவை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பவள். போஸ்டரில் பேர் வராது. ஆனால் மயிலாப்பூரில் மத்தியானம், தி. நகரில் சாயங்காலம் என்று எல்லா சபாவுக்கும் போகிறவள் என்பதால், எல்லா சபா கேன்டீனிலும் சாப்பிட்டவளும் அவள்தான். தம்பூரா போடுகிறவர்களுக்குச் சன்மானக் கவரோடு ஒரு டிபன் டோக்கனும் கொடுப்பது வழக்கம். மாமி ஒரு டோக்கனையும் வீணாக்கியதில்லை. எங்கே என்ன நன்றாக இருக்கிறது என்று ரசிகர்கள் மாமியைத்தான் கேட்பார்கள். "தி. நகர் பக்கம் போகாதீங்கோ, இன்னிக்கு சேவை கல்லு மாதிரி இருக்கு" என்று மாமி சொன்னால் அன்றைக்குத் தி. நகரில் சேவை மிஞ்சிவிடும்.

ஒவ்வொரு சீசனுக்கும் ரவிக்கையில் ஒரு தையல் பிரித்துவிட வேண்டியிருந்தது. பொங்கலுக்கு அப்புறம் அதைத் திரும்பப் போட்டதாகச் சரித்திரமே இல்லை. அதைப் பற்றி மாமி கவலைப்பட்டதும் இல்லை, 1997 ஜனவரி முதல் தேதி வரை.

அன்று லஸ் பக்கத்து சபா ஒன்றில், மங்களம் பாடி முடித்து எல்லாரும் எழுந்தபோது, மாமியால் எழுந்திருக்க முடியவில்லை. முழங்கால் இரண்டும் பூட்டிக்கொண்டுவிட்டன. மிருதங்கக்காரர் ஒரு பக்கமும் மைக்செட் பையன் இன்னொரு பக்கமுமாகக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்கள். திரை பாதியில் மாட்டிக்கொண்டு நின்றது. முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பெரிய சிரிப்பு இல்லை, மூக்கால் வந்த சின்னச் சிரிப்பு. மாமி வீட்டுக்கு வந்து புடவையை மடித்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

அடையாறில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னும் வெயிட் போட்டேள்னா தரையை மறந்துடுங்கோ. நாற்காலிதான்."

மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தம்பூரா மீட்டியவர் யாரையும் மாமி பார்த்ததில்லை. முதல் ஆளாக இருக்கவும் அவளுக்கு விருப்பமில்லை. அந்த வருஷம் முழுக்க, காலையில் சுவாமி அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, சுவரைத் தொடாமல் எழுந்து பார்ப்பாள். வெயிட் மெஷினெல்லாம் கிடையாது, அவளுக்கு இதுதான் தராசு. முதலில் முடியவில்லை. ஆடி மாசத்தில் பாதி எழ முடிந்தது. நவராத்திரிக்கு முழுக்க முடிந்தது.

அவள் தடுமாறும்போதெல்லாம் கணவர் கல்யாணராமன் பேப்பரைக் கீழே போட்டுவிட்டு வருவார்.

"எழுந்துக்கறது ஒரு விஷயமா, விஜி? கை குடுக்க நான் இருக்கேனே."

"மேடைக்கும் வருவேளா? வயலின், மிருதங்கத்துக்குக் கீழே, கை: கல்யாணராமன்னு போஸ்டர்ல போடச் சொல்லட்டுமா?"

அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு திரும்பிப் போவார்.

நவராத்திரி வரைக்கும் எளிது. சோதனை டிசம்பரில் ஆரம்பித்தது. அதில் எங்களைப் போல வெளிநாட்டிலிருந்து வருஷத்துக்கு ஒரு தரம் வந்து இறங்குகிற கூட்டத்துக்கும் பங்கு உண்டு. நாலு வாரத்துக்குள் எல்லாரையும் பார்த்தாக வேண்டும், பார்ப்பதென்றால் சாப்பாடு. அடுத்த வருஷம் வரும்போது யார் இருப்பார்களோ என்று எங்களுக்கு ஒரு பயம். அந்தப் பயத்தை நெய்யில் பொரித்து எல்லார் இலையிலும் போடுவோம்.

கல்யாணராமனின் தங்கை சாருலதா நியூ ஜெர்சியிலிருந்து வந்திருந்தாள். அடையாறில் அவள் ஃபிளாட்டில் இலை போட்டு விருந்து. மாமி சாதத்தில் பாதியை ஒதுக்கிவிட்டு, பாயசம் வந்தபோது இலையின் மேல் இரண்டு கையையும் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். வாளியோடு வந்தவள் சாருலதாதான்.

"மன்னி, கையை எடு. எனக்காக ஒரே ஒரு கரண்டி."

"வேண்டாம், சாரு."

"அங்கேதான் எல்லாரும் டயட்டு டயட்டுன்னு உயிரை வாங்கறா. இங்கேயுமா? வருஷத்துக்கு ஒரு தரம் வரேன், மன்னி."

கை நகரவில்லை. சாருலதாவும் நகரவில்லை. கடைசியில் அவள் ஒரு கரண்டிப் பாயசத்தை மாமியின் புறங்கை மேலேயே ஊற்றினாள். பந்தியே சிரித்தது. மாமி இலையை மடித்துவிட்டு எழுந்து போய்க் கையைக் கழுவினாள். நக்கிக்கூடப் பார்க்கவில்லை. சாருலதா இரண்டு நாள் அண்ணனோடு பேசவில்லை.

பிறகு சீசன் சூடு பிடித்தது. அதே லஸ் பக்கத்து சபாவில் அந்த வருஷம் கேன்டீன் எடுத்திருந்தவன் சாய்நாத். முப்பது வயசுகூட ஆகவில்லை. அதுவரை மற்றவர்களின் அடுப்படியில் நின்றவன், முதல் தடவையாகத் தன் பேரில் நடத்தினான். அவனுடைய கீரை வடையின் வாசனை ஹால் வரைக்கும் வந்து ஆலாபனையில் கலந்தது என்பது என் சொந்த அனுபவம். அந்த வடையைத்தான் மாமி சாப்பிடவில்லை. டோக்கனைக் கவுன்டரில் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெளியே ஸ்கூட்டர்கள் நிற்கிற வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, எவர்சில்வர் டப்பாவைத் திறந்து, நறுக்கின வெள்ளரிக்காயும் தயிர் சாதமும் சாப்பிட்டாள்.

முதல் நாள் யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள், முன் வரிசையில் மப்ளரோடு உட்காரும் ஒரு மாமா கவனித்தார். மூன்றாம் நாள் மத்தியானக் கச்சேரிக்குள், "தம்பூரா மாமியே தொடலையாம்" என்ற சேதி ஹாலைச் சுற்றி வந்தது. சாம்பாரில் நேற்றைய பூசணி என்றார்கள். சாயங்காலத்துக்குள் அந்தப் பூசணி பல்லியாகிவிட்டது. இடைவேளையில் கூட்டம் ஆட்டோ பிடித்துத் தி. நகருக்குப் போயிற்று.

பரிமாறுகிற வைரவன் வேப்பமரத்தடிக்கு வந்தான்.

"இன்னா மாமி, ஒரு வாட்டி உள்ள வந்து துன்னுட்டுப் போயேன். ஓனரு ரெண்டு நாளா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு கீறாரு."

"எனக்குப் பசியில்லைப்பா."

"பொய் சொல்லாத மாமி. வடைத் தட்டு போவசொல்ல உன் கண்ணு பின்னாடியே போவுது."

"கண்ணு போகட்டும். கண்ணுல சதை போடாது."

வைரவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். சாய்நாத் சிரிக்கவில்லை. அவனே வந்து நின்றான், கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு.

"மாமி, என் சமையல்ல என்ன குறைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்கோ. திருத்திக்கறேன்."

"குறை ஒண்ணும் இல்லைடா. வாசனையே சொல்றதே."

"அப்புறம் ஏன் மாமி?"

காரணம் சொன்னால் போன சீசன் கதை முழுக்கச் சொல்ல வேண்டும். "எனக்கு வேண்டாம், அவ்வளவுதான்" என்று டப்பாவை மூடினாள்.

மறுநாள் சபா காரியதரிசி கூப்பிட்டு அனுப்பினார்.

"மாமி, ஒரே ஒரு ரவா தோசை. முன் டேபிள்ல உக்காந்து, நாலு பேர் பாக்கற மாதிரி."

"முடியாது, சார்."

"பல்லி விழுந்துதுன்னு பேசிக்கறா. சபா மானம் போறது."

"பல்லி விழலைன்னு போர்டு வைங்கோ."

"விளையாடாதீங்கோ. ஜனவரி ஒண்ணாம் தேதி மாளவிகா கச்சேரிக்கு நீங்கதானே தம்பூரா? தம்பூராவுக்குப் பதிலா சுருதிப் பெட்டியே போறும்னு அந்தப் பொண்ணுகிட்டே சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது."

மாமி அந்த ஒரு கச்சேரிக்காகத்தான் வருஷம் பூராவும் சுவாமி அலமாரி முன்னால் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். அதே மேடை, அதே தேதி, அதே முன் வரிசை. அது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

"தாராளமா பெட்டியை வெச்சுக்கோங்கோ" என்றாள் மாமி. "அதுக்கு முட்டி வலிக்காது. ரவா தோசை திங்குமான்னு மட்டும் கேட்டுப் பாருங்கோ."

சொல்லிவிட்டு வெளியே வந்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். ஒரு ரவா தோசையில் யாரும் குண்டாகிவிட மாட்டார்கள். அது மாமிக்கும் தெரியும். ஆனால் இத்தனை வருஷமாக அவள் உடம்பில் ஏறியதில் பாதி, மற்றவர்கள் மனசு நோகக்கூடாதே என்று தின்ற ஒரே ஒரு கரண்டியும் ஒரே ஒரு தோசையும்தான். இன்றைக்கு சபாவின் மானம், நேற்றைக்கு சாருலதாவின் ஆசை, நாளைக்கு இன்னொருவர். எல்லாருடைய மானத்தையும் அவள் முழங்கால் சுமக்க வேண்டுமா?

அங்கே உட்கார்ந்தபடி ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். வடை மலையாகக் குவிந்திருந்தது. சாய்நாத் காலி மேஜைகளைத் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தான். தின்ன மாட்டேன் என்பது அவள் இஷ்டம். ஆனால் தின்னாத காரணத்தை மறைத்து வைத்ததற்கு அந்தப் பிள்ளை பலியாகிறான்.

மறுநாள் சாயங்காலக் கச்சேரிக்கு முன், நல்ல கூட்ட நேரத்தில், மாமி கேன்டீனுக்குள் போனாள். முன் டேபிளில் உட்கார்ந்தாள். மப்ளர் மாமா காபியை ஆற்றுவதை நிறுத்தினார். வைரவன் ஓடி வந்து இலையைப் போட்டான். மாமி டப்பாவைத் திறந்து வெள்ளரிக்காயை இலையில் கொட்டினாள்.

"இவன் சமையலுக்கு ஒரு குறையும் இல்லை" என்றாள், வகுப்பில் பேசுகிற குரலில். "பல்லியும் இல்லை, பழைய பூசணியும் இல்லை."

"அப்போ நீங்க ஏன் சாப்பிடலை?" என்று மப்ளர் மாமா கேட்டார்.

"போன சீசன்ல ஒண்ணாம் தேதி இங்கே மேடையிலேர்ந்து என்னால எழுந்துக்க முடியலை. ரெண்டு பேர் தூக்கி விட்டா. உங்கள்ல சில பேர் பார்த்தேள். ஒருத்தர் சிரிச்சேள். இந்தத் தடவை நானே எழுந்துக்கப் போறேன். அதுக்குத்தான் இந்த வெள்ளரிக்காய். பொங்கல் கழிஞ்சு நான் ஒரு வடை தின்னா, அது இவன் கையாலதான் தின்பேன். இப்போ இல்லை."

மப்ளர் மாமா மப்ளரைச் சரி செய்துகொண்டார். அவர் முகம் போன போக்கைப் பார்த்தால், அந்த மூக்குச் சிரிப்பு அவருடையதாக இருக்கலாம். நிச்சயமாகச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. பிறகு அவர் வைரவனிடம், "எனக்கு ரெண்டு கீரை வடை" என்றார். அதற்கப்புறம் எல்லா மேஜையிலிருந்தும் கேட்க ஆரம்பித்தார்கள்.

அன்று இரவு மாளவிகா போன் செய்தாள். அந்த வருஷம் நல்ல பேர் எடுத்துக்கொண்டிருந்த இளம் பாடகி.

"மாமி, காரியதரிசி பெட்டி, கிட்டின்னு என்னமோ சொன்னார். அதெல்லாம் வேண்டாம்னுட்டேன். ஆனா ஒண்ணு. முடிஞ்சப்புறம் நான் கை குடுக்கட்டுமா?"

"குடுத்தா அடிப்பேன்."

"சரி மாமி."

ஒன்றாம் தேதி ஹால் நிரம்பி வழிந்தது. வழக்கமாக மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் பாதி ஹால் கேன்டீனுக்கு எழுந்து போகும். மிருதங்கக்காரர்களுக்கு அந்த முதுகுகள் பழகிப்போனவை. அன்று ஒரு முதுகுகூடத் தெரியவில்லை. தன் வாசிப்புக்குத்தான் இந்த மரியாதை என்று நினைத்து அன்றைய மிருதங்கக்காரர் பிரமாதமாக வாசித்தார். கதவோரம் சாய்நாத்தும் வைரவனும் நின்றார்கள். மூன்றாவது வரிசையில் கல்யாணராமன் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சாருலதா.

மங்களம் முடிந்தது. கை தட்டினார்கள். மாளவிகா எழுந்தாள், வயலின் எழுந்தது. திரை இழுக்கிறவன் கயிற்றைப் பிடித்தபடி இழுக்காமல் நின்றான். ஹாலில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

மாமி தம்பூராவைப் பக்கத்தில் படுக்க வைத்தாள். ஒரு காலை ஊன்றினாள், எழும்பினாள், பாதியில் முட்டி மடங்கித் திரும்ப உட்கார்ந்துவிட்டாள். மிருதங்கக்காரரின் கை தானாக நீண்டது. மாமி அதை ஒரு பார்வை பார்த்தாள். கை திரும்பிப் போயிற்று. புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, மறுபடியும் காலை ஊன்றினாள். இந்தத் தடவை உதட்டைக் கடித்துக்கொண்டு, கையால் தரையையும் தொடாமல், யாரையும் தொடாமல், நேராக எழுந்து நின்றாள். வலித்திருக்கும். முகத்தில் தெரிந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

மாளவிகாவுக்கு விழுந்ததைவிடப் பலமாகக் கைதட்டல் விழுந்தது. மாமிக்கு அது பிடிக்கவில்லை. குனிந்து தம்பூராவைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, முன் வரிசையைப் பார்த்து, மைக் இல்லாமலே சொன்னாள்:

"ஆச்சு. போய்ச் சாப்பிடுங்கோ, வடை ஆறிடும்."