தலைச்சன் பிறந்த ஊர்

செங்கம் சாலையில் நான் காலையில் தேநீர் குடிக்கும் கடையில், காவி வேட்டி கட்டிய ஜெர்மானியரைப் பார்த்துக் கடைக்காரர், "இன்னா சாமி, இன்னிக்கு லேட்டு?" என்கிறார். பக்கத்தில் நிற்கும் என்னிடம், "மேடம், வித் சுகர்?" ஈப்போ தமிழ்ப்பள்ளியில் முப்பது வருடம் இலக்கணம் நடத்தியவள் நான். தமிழில் பதில் சொன்னால், நன்றாகத் தமிழ் பேசுகிறேன் என்று பாராட்டு வேறு. ஈப்போ நண்பர்களே, மேடைதோறும் தாய்நாடு என்று உருகுகிறோமே, அது நம்மை வரவேற்கும் அழகு இதுதான்.

இங்கேயே தங்க வெளிநாட்டு இந்தியர் அட்டை வேண்டும். அதற்குத் தாத்தா இங்கே பிறந்தார் என்று ஆவணம் காட்ட வேண்டும். இல்லையென்றால் விசா முடிந்ததும் மூட்டை கட்ட வேண்டியதுதான். திரும்பிப் போக வீடும் இல்லை, விற்றுவிட்டு வந்த அறிவாளி நான். ஆனாலும் கவலைப்படவில்லை. செங்கம் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பெயரை அப்பா சோற்றோடு ஊட்டியிருந்தார். ஊர் தெரியாதவர்களை அவர் மனிதராகவே மதித்ததில்லை. என்னை மணக்க விரும்பிப் பெண் கேட்டு வந்த சேவியரிடம் ஒரே கேள்விதான் கேட்டார். "உங்க தாத்தா எங்க பொறந்தாரு?" சேவியர் தெரியாது என்றார். "பொறந்த ஊரு தெரியாதவனுக்குப் பொண்ணு இல்ல." உள்ளறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் அந்த ஊர்ப் பெருமை இருந்தது.

முதலில் வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய், பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாத்தா பெயரைப் பார்க்க வேண்டும் என்றேன். எழுத்தர் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அதுல பேரு இருக்காது மேடம். ஆம்பள இத்தினி, பொம்பள இத்தினினு தலையதான் எண்ணி வெச்சிருப்பாங்க" என்றார். அடுத்து, அப்பா சொன்ன கிராமத்து மாதா கோயிலுக்குப் போனேன். ஞானஸ்நானப் பதிவேட்டை உபதேசியார் இரண்டு முறை புரட்டினார். தாத்தா அருளப்பன் அதில் இல்லை.

"உங்க தாத்தா தலைச்சனாம்மா?" என்று கேட்டார்.

"ஆமாம், மூத்தவர்."

"அப்பறம் இங்க ஏன் தேடறீங்க? தலைப்பிரசவம் அம்மா ஊட்லதான நடக்கும். அவங்கம்மா ஊர்க் கோயில்ல போய்ப் பாருங்க."

எங்கள் குடும்பத்தில் எல்லாத் தலைச்சன்களும் தாய்வீட்டில்தான் பிறந்தார்கள், நான் உட்பட. தாத்தாவும் அப்படித்தான் பிறந்திருப்பார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தாத்தாவின் தாய் எந்த ஊர்க்காரி? யாருக்கும் தெரியாது. கேட்கத் தகுந்த விஷயமென்று யாரும் நினைத்ததில்லை. நல்லவேளையாக அங்கிருந்த திருமணப் பதிவேட்டில் அவள் ஊர் இருந்தது: போளூர் பக்கம். அந்தக் கோயிலில் அருளப்பன் முதல் பக்கத்திலேயே கிடைத்தார். சேவியரைத் துரத்திய அப்பாவுக்குத் தன் தகப்பன் பிறந்த ஊர் கடைசிவரை தெரியாது. செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள். பேருந்தில் வரும் வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டுதான் வந்தேன்.

மறுநாள் காலை கடைக்காரர் கேட்டார், "உங்க பூர்வீகம் எந்த ஊரு மேடம்?" ஞானஸ்நானச் சான்று என் கைப்பையில்தான் இருந்தது.

"செங்கம் பக்கம்" என்றேன். அப்பாவின் அதே மிடுக்கு.

அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வித் சுகர்?" என்றார்.