கார்டின் அடியில் மூன்று வரி

கல்கத்தாவில், டாக்குரியா வீட்டில் மத்தியானம் சற்றுக் கண்ணயரலாம் என்று சாய்ந்தால், பேத்தி நோட்டோடு வந்து நின்றாள்.

"ஸ்கூல்ல ஹைக்கூ எழுதச் சொன்னா, தாத்தா. மூணே வரி, மழையைப் பத்தி. நீ எழுதியிருக்கியா?"

எழுதியிருக்கிறேன். அதற்கு அப்படி ஒரு பெயர் இருப்பதுதான் தெரியாது.

என் சின்ன வயதில் இதே ஊரில் கிடர்பூரில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. ஞாயிறுதோறும் கப்பல் சங்குக்கும் ஈரச்சணல் நெடிக்கும் நடுவே உட்கார்ந்து, கும்பகோணத்தில் இருந்த அம்மாவின் அப்பாவுக்குக் கார்டு எழுதுவார். அடியில் எனக்கென்று மூன்று வரி இடம் விடுவார். மாம்பூ, காக்கை, அம்மாவின் இருமல் என்று எதையாவது எழுதி வைப்பேன்.

ஓர் ஆடியில் என் தம்பிப் பாப்பா ஜுரத்தில் போய்விட்டான். ஊரில் தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை, தெரிய வேண்டாம் என்று, "இவ்விடம் யாவரும் க்ஷேமம்" என்றே அப்பா எழுதினார். கார்டை என்னிடம் தள்ளிவிட்டு அசதியில் படுத்துவிட்டார். நானே எழுதித் தபாலில் போட்டேன்:

மழை விட்டது.
அம்மா தூளியை அவிழ்த்து
மடித்து வைத்தாள்.

பத்தாம் நாள் கும்பகோணத்திலிருந்து மாமா வந்து இறங்கினார். அதுவரை அழாத அம்மா, அவரைக் கண்டதும் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். அப்பா என்னைத் திட்டவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவர் எழுத்தே கார்டின் கடைசி விளிம்புவரை போயிருந்தது.

"அப்புறம் எழுதவே இல்லையா, தாத்தா?"

"இடம் இல்லேம்மா" என்றேன்.